காவிரிப் படுகையின் எண்ணெய் வளமும் அதன் நிர்வாகமும்

தஞ்சை வளநாடு நெல்லுக்குப் பெயர்பெற்றது. குறுவை, சம்பா, தாளடி என்னும் பருவங்களை அறியாத தமிழர் இலர். ஆனால் அந்த வயல்களுக்கு அடியில், பல இடங்களில் இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், கச்சா எண்ணெயும் இயற்கை வாயுவும் தங்கியிருக்கின்றன என்பது அறுபதாண்டுகளுக்கு முன்னர் வெறும் அனுமானமாகவே இருந்தது. இப்பொழுது நரிமணம், அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம் முதலிய ஊர்ப்புறங்களில், நெற்பயிருக்கு நடுவே மண் மேடிட்டு வேலி கட்டிய இடங்களையும், அவற்றுள் ஆள் உயரத்துக்கு நிற்கும் குழாய்களையும் அடைப்பான்களையும் வழிப்போக்கர் எவரும் காணலாம். கிணற்றின் வாயில் பொருத்தப்படும் இவ்வமைப்புக்கு எண்ணெய்த் தொழிலாளர் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயரிட்டிருக்கின்றனர்.

எண்ணெய் கிடைக்கும் பிரதேசம் எதுவாயினும் அங்கே இரண்டு வகை எல்லைகள் உண்டு. ஒன்று இயற்கை பூமிக்கடியில் வகுத்த எல்லை. மற்றது அரசாங்கங்கள் பூமியின்மேல் வகுத்த எல்லை. இவ்விரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். காவிரிப் படுகையில் இவை ஒத்துப்போகாமையின் விளைவாக எழுந்துள்ள சிக்கல்கள் தனியே ஆராயத்தக்கவை.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். காவிரி ஆற்றின் வடிநிலம் குடகு மலையில் தொடங்கி மைசூர்ப் பீடபூமி வழியாக வங்கக் கடலை எட்டுகிறது. பூகர்ப்ப நிபுணர்கள் ‘காவிரிப் படுகை’ என்று வழங்குவது அதுவன்று. அவர்கள் குறிப்பது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தெற்கே மன்னார் வளைகுடா வரையில், கடற்கரையை ஒட்டியும் கடலுக்கடியிலும் பரந்து கிடக்கும் ஒரு பெரிய பள்ளத்தையே ஆகும். ஆழ்கடல் பகுதியையும் சேர்த்து அதன் பரப்பு சுமார் 1,50,000 சதுர கிலோமீட்டர். இதில் நிலத்தின்மேல் அமைந்தது சுமார் 25,000 சதுர கிலோமீட்டரே. எஞ்சியதெல்லாம் கடலுக்கடியில் உள்ளது.

பள்ளம் தோன்றிய வகை

இன்றைக்கு ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்தன. அந்நிலப்பரப்பு பிளவுபடத் தொடங்கியபோது தென்னிந்தியாவின் கிழக்கு ஓரத்தில் கடினப் பாறைகள் வெடித்து, வடகிழக்கு-தென்மேற்காக நீண்ட பள்ளங்களும் அவற்றுக்கிடையே வரப்புகளைப் போன்ற மேடுகளும் உண்டாயின. அரியலூர்-புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம்-பாக் விரிகுடா என இப்பள்ளங்கள் தனித்தனியே பெயர் பெற்றுள்ளன. நிலத்தின்மேல் நிற்பவருக்கு இவற்றின் அடையாளம் எதுவும் தெரியாது. தஞ்சைச் சமவெளி எங்கும் ஒரே மட்டமாய்த் தோன்றினும் அதன் அடியில் மலையும் பள்ளத்தாக்கும் புதைந்துள்ளன.

ஆறுகள் கொணர்ந்த மணலும் களியும், கடல் ஏறியும் இறங்கியும் விட்டுச் சென்ற சேறும் அப்பள்ளங்களை நிரப்பின. இப்படிவு சில இடங்களில் 5,000 மீட்டர் கனம் உடையது. கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் உடல்கள் காற்றுப் படாத சேற்றில் அமிழ்ந்து, மேலே ஏறிய சுமையின் அழுத்தத்தாலும் பூமியின் உட்சூட்டாலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. அவ்வாறு மாறிய எண்ணெய், நுண்துளைகள் உடைய மணற்பாறைக்குள் ஏறி, அதன்மேல் மூடிபோல் அமைந்த களிப்பாறையால் தடுக்கப்பட்டுத் தங்கிவிட்டது. இப்பாறை அடுக்குகளுக்கு ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம் என்று அவ்வப்பகுதி ஊர்களின் பெயர்களையே சூட்டியுள்ளனர். அவ்வூர்களில் வாழ்வோருள் எத்தனை பேர் இதனை அறிவர் என்பது ஐயமே.

மேற்கே செல்லச் செல்ல இப்படிவு மெலிந்து மறைந்துவிடுகிறது. அரியலூர்ப் பக்கத்தில் பழைய கடற்படிவு தரைமட்டத்திலேயே தலைகாட்டுகிறது. அங்கு கிடைக்கும் சங்கு, சிப்பிப் புதைபடிவங்களைக் கொண்டு பிளான்போர்டு என்பார் 1862-லேயே அப்பாறைகளின் வரலாற்றை எழுதினார். அதற்கும் மேற்கே, பொள்ளாச்சியைத் தாண்டிக் கோபாலபுரம், பாலக்காட்டுக் கணவாய், இடுக்கி மலைகள் வரையில் தரைக்குச் சற்றே அடியில் இருப்பவை மிகப் பழமையான உருமாறிய பாறைகளே. பேரளவு சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய அப்பாறைகளில் எண்ணெயைப் பிறப்பிக்கும் சேற்றுப் படிவு இல்லை. காவிரியின் துணையாறுகள் சில அம்மலைகளில் பிறந்தபோதிலும் எண்ணெய் மட்டும் கடற்கரைப் பக்கத்தில் கிடைப்பதன் காரணம் இதுவே.

தேடிய வரலாறு

இந்தியாவில் எண்ணெய்த் தொழில் அஸ்ஸாமில் தொடங்கியது. திக்பாயில் 1889-இல் கிணறு தோண்டத் தொடங்கினர். 1901-இல் அங்குச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. சுதந்திரத்துக்குப் பின்னர், 1956-இல் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கமிஷன் நிறுவப்பட்டதும் தேடல் நாடெங்கும் விரிந்தது. 1960-இல் குஜராத்தின் அங்கலேசுவரத்தில் எண்ணெய் கிடைத்தது. காவிரிப் படுகையில் ஆய்வு ஐம்பதுகளின் இறுதியிலேயே தொடங்கி, 1964-இல் காரைக்காலில் முதற்கிணறு தோண்டப்பட்டது.

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியினின்றும் நடைமுறையில் 1954-லும், சட்டப்படி 1962 ஆகஸ்டு 16-லும் இந்தியாவோடு சேர்ந்த பகுதி. சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது, நிலப்புறம் முழுதும் தமிழ்நாட்டால் சூழப்பட்டும், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்ததாகும். அவ்விதம் படுகையின் முதற்கிணறே நிர்வாக எல்லை ஒன்றுக்கு அப்பால் அமைந்துவிட்டது. காவிரிப் படுகையின் உற்பத்தியைக் கவனிக்கும் அலுவலகமும் காரைக்காலை அடுத்த நிரவியிலேயே அமைந்தது; அதன் பொறுப்பில் உள்ள கிணறுகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு மாவட்டங்களில் உள்ளன.

முதல் இருபதாண்டுகளில் பலன் சொற்பமே. நிலத்தில் சிறு அதிர்ச்சி உண்டாக்கி, அடியிலுள்ள அடுக்குகளிலிருந்து திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு அவற்றின் ஆழத்தைக் கணிப்பதே தேடும் முறை. வண்டல் மிகுந்த இப்பகுதியில் எதிரொலி தெளிவாக எழவில்லை. அடியிலுள்ள ஒரே புள்ளியிலிருந்து, தரையின் பல இடங்களில் எழுப்பிய அதிர்ச்சிகளின் எதிரொலிகளைத் தனித்தனியே பதிந்து ஒன்றுசேர்க்கும் முறை எண்பதுகளில் கையாளப்பட்டது. இம்முறையில் வீண் ஓசைகள் ஒன்றையொன்று அழிக்க, உண்மை எதிரொலி மட்டும் மிஞ்சும். அதன் பின்னரே புவனகிரியிலும் நரிமணத்திலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது.

நரிமணம் எண்ணெயைத் தூய்மை செய்ய 1993-இல் நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொள்திறன் உடைய ஆலை நிறுவப்பட்டு, பின்னர் அது 10 லட்சம் டன்னாக விரிவடைந்தது. அவ்விடத்தில் 90 லட்சம் டன் கொள்திறன் உடைய புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரி 17-இல் அடிக்கல் நாட்டினர். இவ்வளவு பெரிய ஆலைக்கு வேண்டிய எண்ணெயைப் படுகையின் கிணறுகள் தர இயலாது. கப்பலில் வரும் அயல்நாட்டு எண்ணெயை நம்பித்தான் அது திட்டமிடப்பட்டது. இயற்கை வாயுவைக் கொண்டு குத்தாலம், திருமாக்கோட்டை ஆகிய இடங்களில் ஒவ்வொன்றும் சுமார் 100 மெகாவாட் ஆற்றல் உள்ள மின்நிலையங்களும், இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் ஒரு நிலையமும், காரைக்காலில் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்றும் அமைக்கப்பட்டன.

அளவை மிகைப்படுத்துதல் ஆகாது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எடுத்த கச்சா எண்ணெய், நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவே. நாடோ தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. ஆகவே காவிரிப் படுகையின் எண்ணெய் நாட்டின் கணக்கில் சிறிது. ஆனால் கிணறு அமைந்த கிராமத்தின் கணக்கில் அது சிறிதன்று.

கிணறும் நிலத்தடி நீரும்

மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குச் செல்லும் கிணறு, வழியில் கிராமத்தார் குடிப்பதற்கும் பாசனத்துக்கும் நம்பியிருக்கும் நன்னீர் அடுக்குகளைத் துளைத்தே செல்ல வேண்டும். ஆகையால் மேற்பகுதியில் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டுக் குழம்பைச் செலுத்தி இறுகச் செய்வர். இந்தச் சிமெண்டுக் கூடே நன்னீருக்கும் எண்ணெய்க்கும் இடையேயுள்ள சுவர். அது செம்மையாய் அமைந்தால் தீங்கில்லை. அது பிளந்தாலும், பல்லாண்டு கழிந்து குழாய் துருப்பிடித்தாலும் கீழுள்ள நீரும் வாயுவும் மேலே ஏற வழியுண்டாகும்.

கிணறு முதிர முதிர எண்ணெய் குறைந்து, அதனோடு ஆழத்து உவர்நீர் மிகுதியாக வருவது இயல்பு. அந்நீரை வாய்க்காலில் விடலாகாது. சுத்தம் செய்து மீண்டும் ஆழத்துக்கே செலுத்த வேண்டும். கடற்கரை மாவட்டங்களில் கடல்நீர் ஏற்கனவே நிலத்தடியில் உட்புகுந்து வருவதால், உவர்நீர்ப் பிரச்சினை அங்கு இரட்டிப்பாகிறது.

மன்னார்குடியைச் சூழ்ந்த பகுதியில் ஏற்பட்ட அச்சம் இதனோடு தொடர்புடையது. அங்கு பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி உள்ளது. நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் வாயுவை எடுக்க வேண்டுமாயின், அவ்வடுக்கிலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்க வேண்டும். அப்போதே வாயு விடுபடும். 2010-இல் 691 சதுர கிலோமீட்டர் பரப்பு இதற்கென ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. பெருமளவு நீரை இறைத்தால் மேலுள்ள கிணறுகள் என்னவாகும் என்று விவசாயிகள் கேட்டனர். அது விஞ்ஞான அடிப்படையில் எழுந்த கேள்வி என்பதில் ஐயமில்லை. மாநில அரசாங்கம் 2013-இல் பணியை நிறுத்தி நிபுணர் குழுவை அமைத்து, 2015-இல் திட்டத்துக்குத் தடை விதித்தது.

அதிகாரம் எவரிடம்?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், எண்ணெய் வயல்களை ஒழுங்குபடுத்துவதும் வளர்ப்பதும் ஒன்றியப் பட்டியலின் 53-ஆம் இனமாக உள்ளது. விவசாயம் மாநிலப் பட்டியலின் 14-ஆம் இனம். நீர் 17-ஆம் இனம். நிலம் 18-ஆம் இனம். ஆகவே நெல் வயலில் நிற்கும் எண்ணெய்க் கிணறு ஒன்று, அடியை நோக்கினால் மத்திய அரசாங்கத்தின் பொருள். மேலை நோக்கினால் மாநிலத்தின் பொருள்.

1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தின்கீழ், 1959-இல் விதிகள் வகுக்கப்பட்டன. நிலத்தில் எண்ணெய் எடுப்பதற்கான குத்தகையை மாநில அரசாங்கம், மத்திய அரசாங்கத்தின் முன்னனுமதி பெற்று வழங்க வேண்டும் என்றும், கடலில் எடுப்பதற்கான குத்தகையை மத்திய அரசாங்கமே வழங்கும் என்றும் அவ்விதிகள் ஏற்பாடு செய்தன. நிலத்து எண்ணெய்க்குரிய உரிமைத்தொகை மாநிலத்தைச் சேர்வதும், கடல் எண்ணெய்க்குரியது மத்திய அரசாங்கத்தைச் சேர்வதும் இப்பிரிவினையை ஒட்டியதே. ஆனால் எந்தப் பகுதியை ஏலத்துக்கு விடுவது, எந்த ஒப்பந்தத்தைச் செய்வது என்னும் முதல் முடிவு தில்லியில் ஆகிறது. 1948-ஆம் ஆண்டின் சட்டம் 2025-இல் திருத்தப்பட்ட போதிலும் இவ்வடிப்படை மாறவில்லை.

குழாய்களுக்கு வேறொரு சட்டம் உண்டு. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி, நிலம் உரியவருடையதாகவே இருக்கும். அதனடியில் குழாய் பதிக்கும் பயனுரிமை மட்டும் அரசாங்கத்தால் பெறப்படும். உரியவர் பயிரிடலாம், ஆனால் குழாயின்மேல் வீடு கட்டவோ, கிணறோ குளமோ வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. அதற்கான ஈடு, பயிர்ச் சேதம் நீங்கலாக, நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிச் சாகுபடி செய்யும் சிறு விவசாயிக்கு, தன் நிலத்தின் நடுவே கிணறு வெட்ட முடியாத ஒரு பட்டையின் விலை நூற்றுக்குப் பத்துதானா என்பது கேட்கத்தக்கதே.

2017 ஜூன் 30-இல் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் வயலடிக் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, ஊர்மக்கள் வந்து பார்க்குமாறு கோரியது மாவட்ட ஆட்சித்தலைவரையே. எண்ணெய்க் குழாயின் மேல் அவருக்குள்ள அதிகாரம் மிகக் குறைவு. ஆனால் கிராமத்தார் கண்ணுக்குத் தெரிந்த அரசாங்கம் அவர் ஒருவரே. அன்றைய தினம் எழுந்த மோதலும் கைதுகளும் நெடுநாள் நீடித்த போராட்டத்துக்கு வித்திட்டன. அவ்வாண்டு பிப்ரவரியில், சிறு எண்ணெய் வயல்களைத் தனியாருக்கு ஒப்படைக்கும் மத்திய அரசாங்கத்தின் முடிவில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் காரைக்காலும் இடம்பெற்றதை எதிர்த்து நெடுவாசலில் மக்கள் திரண்டிருந்தனர்.

மத்திய ஆசியாவின் முறை

ஒப்பு நோக்குவதற்குக் கஜகஸ்தான் நாட்டின் அத்திராவ் மாகாணத்தைக் கொள்ளலாம். காஸ்பியன் கடலின் வடகரையில் அமைந்த அம்மாகாணத்தில் 1979-இல் கண்டறியப்பட்ட தெங்கிஸ் வயல், உலகின் பெரிய எண்ணெய் வயல்களுள் ஒன்று. அங்கே பூமிக்கடியில் உள்ள பொருள் அரசின் உடைமை. ஒப்பந்தங்களைத் தலைநகரம் செய்கிறது. எண்ணெய் வருவாயின் ஒரு பகுதி 2000-இல் ஏற்படுத்திய தேசிய நிதியைச் சேர்கிறது. மாகாணத்தை ஆளும் ‘அக்கிம்’ என்னும் அதிகாரியை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் எவரிடம் முறையிடுவது என்னும் குழப்பம் அங்கில்லை. ஆனால் முறையீடு கேட்கப்படும் என்பதற்கும் அது உறுதியன்று. அண்டையிலுள்ள மங்கிஸ்தாவ் மாகாணத்தில், ஜனாவ்சென் என்னும் எண்ணெய் நகரில், 2011 டிசம்பர் 16-இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் கூட்டத்தின்மேல் காவலர் சுட்டதில் பலர் மாண்டனர்.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. அத்திராவ் மாகாணத்தின் பரப்பு சுமார் 1,18,000 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறக்குறைய 7 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு ஆறு பேர் என்பது கணக்கு. தஞ்சாவூர் மாவட்டத்தில் 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 700-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். புல்வெளியில் ஒரு கிணறு அமைவதும், ஊரும் வாய்க்காலும் நெருங்கிய வயலில் ஒரு கிணறு அமைவதும் ஒன்றாகா.

கடற்புறத்திலும் படுகை ஒரே நாட்டோடு நின்றுவிடவில்லை. பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் கடந்து இலங்கைக் கரைவரை செல்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974-இல் கடல் எல்லை வகுத்தபோது, எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே எண்ணெய்ப் படிவு பரந்திருக்குமாயின் அதனை எடுக்கும் முறையையும் வருவாய்ப் பங்கீட்டையும் பற்றி இரு நாடுகளும் உடன்பாடு காண வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தன. இது தொலைநோக்குடைய ஏற்பாடு.

2020-ஆம் ஆண்டின் சட்டம்

2020 ஜனவரி 16-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தன் அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய் ஆய்வுக் கிணறுகளுக்கான அனுமதியை மாநில அளவிலான அமைப்புக்கு மாற்றியது. அத்தகைய கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் தேவையற்றதாயிற்று. அதற்கடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் ஐந்தைந்து ஊராட்சி ஒன்றியங்களும் மண்டலத்துள் அடங்கின. அப்போது நாகப்பட்டினத்தைச் சேர்ந்திருந்த மயிலாடுதுறை அவ்வாண்டு டிசம்பரில் தனி மாவட்டமாயிற்று. மண்டலத்துள் எண்ணெய், இயற்கை வாயு, மீத்தேன் முதலியவற்றை ஆராய்வதும், துளையிடுவதும், எடுப்பதும் தடுக்கப்பட்டன.

சட்டத்தை நுணுகிப் படிப்போர் இரண்டு செய்திகளைக் காண்பர். முதலாவது, சட்டம் நடைமுறைக்கு வருமுன் நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. ஆகவே பழைய கிணறுகள் தொடர்ந்து இயங்கலாம். முதிர்ந்த கிணறுகளே துருவுக்கும் உவர்நீருக்கும் அதிகம் ஆளாகும் என்பதை நோக்க, இவ்விலக்கு சிறு விஷயம் அன்று. இரண்டாவது, சட்டம் மாநிலப் பட்டியலின் விவசாயத்தை ஆதாரமாகக் கொண்டு எழுந்தது. எண்ணெய் வயல்களைப் பற்றிய மத்திய அதிகாரத்தை அது நேரடியாக மாற்ற இயலாது. இது விரைவிலேயே வெளிப்பட்டது. 2021 ஜூன் மாதத்தில் மத்திய அரசாங்கம் அறிவித்த ஏலப்பட்டியலில் புதுக்கோட்டை மாவட்டத்து வடதெரு இடம்பெற்றது. அதனை நீக்குமாறு மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது.

மண்டலத்தின் எல்லை வருவாய் மாவட்டங்களையும் ஊராட்சி ஒன்றியங்களையும் பின்பற்றியதேயன்றிப் பூமிக்கடியிலுள்ள படுகையைப் பின்பற்றவில்லை. காரைக்கால் மண்டலத்துக்குப் புறம்பானது. தமிழ்நாட்டுச் சட்டம் அங்குச் செல்லாது. ஆயினும் அரசலாறு போன்ற காவிரியின் கிளைகள் தமிழ்நாட்டைக் கடந்து காரைக்காலிலேயே கடலில் கலக்கின்றன; நிலத்தடி நீருக்கும் அவ்வெல்லை தெரியாது. தெற்கே இராமநாதபுரமும் மண்டலத்தில் சேர்க்கப்படவில்லை. அது காவிரிப் பாசனம் பெறாத, ஏரி நீரையும் மழையையும் நம்பிய மாவட்டம். ஆனால் பூகர்ப்ப நிபுணரின் படத்தில் அதே படுகையின் ஒரு பகுதி. 2025-இல் அம்மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட மாநில அளவிலான சுற்றுச்சூழல் அமைப்பு அனுமதி வழங்கியது. ஆகஸ்டில் செய்தி வெளியாகி எதிர்ப்பு எழுந்தபின், அவ்வனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசாங்கம் அவ்வமைப்புக்குத் தெரிவித்தது.